இருபத்தெட்டாயிரம் அம்சவேணி

டை கட்டிய முதல் ஆள் சாந்திபுரத்தில் வந்து இறங்கியபோது, கங்கையா அவனைக் கோர்ட்டு ஆள் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். இறக்கிய ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி, "ஏமி பாபு, யார் மேல கேஸு?" என்று கேட்டார்.

"கேஸு இல்ல சார், லிவரு," என்றான் வந்தவன்.

ஷட்டர் மறுபடி மேலே போனது.

வந்தவன் பெயர் பவன்குமார். ஒரு மருந்துக் கம்பெனியின் திருப்பதி ரெப். பலமனேர் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கே ஒரு சிநேகிதனின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் முன்னால் போன தக்காளி லாரி கிளப்பிய செம்மண் அவன் டையில் உட்கார்ந்திருந்தது. தோல் பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டுத் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குப்பம் பஸ்ஸுக்காக நாலு பேரும், எதற்காகவும் இல்லாமல் ரெண்டு நாயும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க சார் எல்லாரும்?"

"யாரு எல்லாரும்?"

"பேஷண்டுங்க சார். ஈரலுக்குக் குடுக்கற இந்த மாத்திர சவுத் இண்டியாலியே இங்கதான் ஜாஸ்தி ஓடுதாம். எங்க மேனேஜரு மேப்புல இந்த ஊரச் சுத்திச் செவப்பு மையில வட்டம் போட்டு வெச்சிக்கீறாரு!"

உள்ளே இருமல் மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணனின் கை நின்றுவிட்டது. பவன்குமார் பையிலிருந்து எடுத்து நீட்டிய அட்டையில் இருந்த மருந்தின் பெயர் அவனுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும். சாந்திபுரத்தில் மட்டுமில்லை, அந்த மண்டலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவள் ஒரே ஒருத்திதான். அவன் பெண்டாட்டி அம்சவேணி.

அந்த வாரத்திலேயே இன்னும் நாலு டை வந்தது. ஒன்று நீலம், ஒன்றில் சின்னச் சின்ன யானை. ஐந்து கம்பெனிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி ஒரே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஊர் பரபரத்தது. ஏதோ ஃபேக்டரி வரப்போகிறது, அதற்குத்தான் நிலம் பார்க்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு. தரிசு நிலம் வைத்திருந்த சின்னப்பன் அதை நம்பி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு டீக்கடையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

இது நடந்தது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். அதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால்தான் தேசத்தின் கதவெல்லாம் திறந்துவிடப்பட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சாந்திபுரத்துப் பக்கம் திறந்த கதவு குப்பம் ரயில் நிலையத்துக் கேட்தான். விடிந்தால் பாதி ஊர் அதன் வழியே பெங்களூருக்குக் கொத்து வேலைக்கும் தையல் கம்பெனிக்கும் போனது. முனிகிருஷ்ணனின் ஒரே மகள் பத்மினியும் அப்படித்தான் போய், ஹாஸ்டலில் தங்கி, அமெரிக்காக்காரனுக்குச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனதும் வீட்டில் பட்டுப்புழுவுக்கு இலை போட அம்சவேணி ஒருத்திதான் மிஞ்சினாள்.

முனிகிருஷ்ணனுக்குக் கங்கையா கடையில் இருபது வருஷ உத்தியோகம். ஆனால் கேட்டால் அதைச் சொல்ல மாட்டான். "பாம்பே கம்பெனில பார்ட் டைம்," என்பான். அதுவும் பொய்யில்லை. பாம்பேயில் ஒரு கம்பெனி இருந்தது. எந்த ஊரில் எந்த டாக்டர் என்ன மருந்து எழுதுகிறார் என்று எண்ணி, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பதுதான் அதற்கு வியாபாரம். தேசம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடைகளைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வாரத்துக்கு மட்டும், கடைக்கு வரும் டாக்டர் சீட்டையெல்லாம் ஃபாரத்தில் எழுதி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, பரிசுப் பொருள் மட்டும். முதல் தடவை ஒரு சுவர்க் கடிகாரம், அடுத்த தடவை டிபன் கேரியர். கடிகாரம் மூன்றாம் மாதம் நின்றுவிட்டது. முனிகிருஷ்ணனின் பெருமை நிற்கவில்லை.

அவனை இந்த வேலைக்குப் பிடித்தவர் திருப்பதி சூப்பர்வைசர் தோதாத்ரி. "ஓய், இங்கே நீர் எழுதற ஒரு வரியை நாங்க ரெண்டாயிரத்தால பெருக்குவோம். உம்ம ஒரு சீட்டு, தேசத்துல ரெண்டாயிரம் சீட்டுக்குச் சமானம், தெரிஞ்சுதா?" என்று அவர் சொன்ன நாளிலிருந்து முனிகிருஷ்ணன் ஜுர மாத்திரையைக்கூட ரெண்டாயிரம் பேருக்குக் கொடுக்கிற தோரணையில் கொடுக்க ஆரம்பித்தான்.

அம்சவேணிக்கு வந்தது அரிப்பு. தடிப்பு இல்லை, புண் இல்லை, சும்மா அரிப்பு. உள்ளங்கையில் தொடங்கி, உள்ளங்காலுக்குப் போய், முதுகுக்கு ஏறியது. புழு வீட்டில் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவுவதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். முனிகிருஷ்ணன் கடையில் இருந்த அலர்ஜி மாத்திரையெல்லாம் கொடுத்துப் பார்த்தான். அவள் தூங்கி வழிந்துகொண்டே சொறிந்தாள். இலை நறுக்குகிற கத்தியின் பிடியால் முதுகைத் தேய்த்துக்கொள்வாள். ஒரு வருஷம் இப்படிப் போய், கண் லேசாக மஞ்சளித்த பிறகு திருப்பதிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே பெரிய டாக்டர், ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற சின்னச் சின்னக் குழாய்கள் கெட்டுப்போகின்றன என்றார்.

"ஈரலா? நா குடிக்கிறதில்லியே சாமி!" என்றாள் அம்சவேணி பதறிப்போய்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. இது அதுவா வர்றது. பெரும்பாலும் உங்க வயசுப் பொம்பளைங்களுக்கு. இந்த மாத்திரை காலை ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆயுசு பூரா. அரிப்பு மெதுவாத்தான் அடங்கும், அதுக்காக நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா ஈரல் கொஞ்சம் கொஞ்சமா காஞ்சு, கல்லாப் போயிடும்." அப்புறம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கிற எண்ணத்தில், "அந்தக் காலத்துல கரடியோட பித்தத்துலேருந்து எடுத்த மருந்து இது. இப்ப ஃபேக்டரியிலதான் பண்றாங்க," என்றார்.

வெளியே வந்ததும் அம்சவேணி கேட்டாள்: "ஆயுசு பூரா கரடி துன்னணுமா?"

"கரடி இல்லம்மே, மாத்திர."

"எங்க ஊருல புள்ளிங்களுக்குக் கரடி முடிய தாயத்துல வெச்சிக் கட்டுவாங்க. எனுக்கு உள்ளாறயே கட்டறாரு இந்த டாக்டரு," என்று சொல்லிவிட்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். முனிகிருஷ்ணனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. மூக்கைச் சிந்துகிற மாதிரி பாவனை செய்து சமாளித்தான்.

மாத்திரை திருப்பதியில் மட்டும்தான் கிடைத்தது. குப்பத்திலும் சித்தூரிலும் மொத்த வியாபாரிகள் கையை விரித்தார்கள். "ஒரு பேஷண்டுக்காக எவன் ஸ்டாக்கு வெப்பான்?" என்றார்கள். அதனால் மாதம் ஒரு நாள் முனிகிருஷ்ணன் கங்கையாவிடம் லீவு கேட்டு, பலமனேர், சித்தூர் என்று மூன்று பஸ் மாறித் திருப்பதி போய் வந்தான். அவ்வளவு தூரம் போயும் மலைக்கு ஏறிப் பெருமாளைச் சேவிக்க நேரமிருக்காது. கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மருந்துக் கடை க்யூவில் நிற்பான்.

ஒரு நாள் வீட்டில் கேழ்வரகுப் பானைக்குள் கையை விட்டவன் ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தான். அவிழ்த்தால் பதினேழு மாத்திரை.

"இன்னா இது அம்சா?"

அவள் புழுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்றைக்குப் புழுக்களுக்கு நாலாம் ஜுரம் முடிந்திருந்தது. புழு தின்பதை நிறுத்திவிட்டுத் தோலுரிக்கப் படுப்பதை அந்தப் பக்கம் ஜுரம் என்றுதான் சொல்வார்கள். நாலாவது ஜுரம் முடிந்து எழுந்துவிட்டால் போதும், இலையைப் போடப் போடத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு வேளை தவறினாலும் கூடு சன்னமாகிவிடும்.

"சொல்லும்மே. ரெண்டு துன்னச் சொன்னா ஒண்ணு துன்னுகினு கீறியா?"

"நீ மாசம் மாசம் மூணு பஸ்ஸு மாறிப் போற. காலு வீங்கிப்போயி வர்ற. ஒண்ணு ஒண்ணா துன்னா ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி போனாப் போதுமேன்னுதான்..."

"அரிப்பு?"

"அது இன்னா, சொறிஞ்சிகினா போவுது."

முனிகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. முடிச்சை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனான். விலைப் பட்டியல் தொங்குகிற அலமாரிக்குக் கீழே ஒரு டிராயரில் மாத்திரை அட்டைகளை வைத்துப் பூட்டினான். அன்றிலிருந்து சட்டம் போட்டான்: காலையிலும் சாயங்காலமும் அம்சவேணி கடைக்கு வர வேண்டும், ஒரு மாத்திரையை வாங்கி, அவன் கண் எதிரில் முழுங்க வேண்டும்.

அந்தக் கடையில் இன்னொரு சட்டம் முன்பே இருந்தது. அது கங்கையாவுடையது. ஒரு தடவை ஒரு ஆபீசர் சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு, டாக்டர் சீட்டைக் காட்டாமல் எவருக்கும் மாத்திரை கிடையாது. பிரதமரே வந்தாலும் கிடையாது, பெண்டாட்டி வந்தாலும் கிடையாது. ஊரில் யாரும் அட்டை முழுசாக வாங்குவதில்லை. இன்றைக்கு ரெண்டு, நாளைக்கு ரெண்டு என்று கத்தரித்துத்தான் வாங்குவார்கள். அதனால் ஒரே சீட்டு ரேஷன் கார்டு மாதிரி மடிந்து மடிந்து, எண்ணெய் ஏறி, பத்து நாளைக்குக் கடைக்கு நடந்துகொண்டிருக்கும். அம்சவேணியும் மடியில் சீட்டோடு ரெண்டு வேளையும் வந்தாள்.

இப்போது பாம்பே ஃபாரத்தின் முதல் பக்கத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று சொல்லிவிட வேண்டும். 'சீட்டு கடைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதவும்.' முனிகிருஷ்ணன் எழுதினான். ஜூலை மாதத்து வாரத்தில் ஏழு நாளும், காலை ஒரு வரி, சாயங்காலம் ஒரு வரி. அழகான கையெழுத்து, பதினாலு வரி. மனசில் கள்ளம் கிடையாது. பாம்பேயில் பதினாலை ரெண்டாயிரத்தால் பெருக்கினார்கள்.

அப்படித்தான் டைகள் வந்தன.

முனிகிருஷ்ணன் கணக்கைப் போட்டுப் பார்த்த நிமிஷம் அவனுக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடினான்.

"அம்சா! நீ எத்தினி பேருன்னு தெரிமா?"

"குடிச்சிக்கீறியா?"

"இருபத்தெட்டாயிரம் பேரு! பாம்பேல நீ இருபத்தெட்டாயிரம் பேரும்மே!"

அவன் விளக்கிச் சொல்லச் சொல்ல அம்சவேணி இலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "அத்தினி பேருக்கும் நா ஒருத்தியா சொறிஞ்சிகினு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "யோவ், போலீசு வருமா?"

"போலீசு வரல. மாத்திர வருது!"

வந்தது. பவன்குமார்தான் முந்திக்கொண்டான். கங்கையாவின் காதோடு ஒரு ஸ்கீம் சொன்னான்: நூற்றைம்பது அட்டை மொத்தமாக எடுத்தால் ஒரு கலர் டிவி இலவசம். கங்கையா வாழ்நாளில் ஒரு டஜன் சோப்புக்கு மேல் மொத்தமாக எதுவும் வாங்காதவர். ஆனால் தெருவில் நடக்கிற அமளியும், மேப்பில் இருந்த சிவப்பு வட்டமும், எதிர்க் கடைக்காரன் ஒருவன் புதிதாக மெடிக்கல் ஷாப் போர்டு எழுத ஆள் கூப்பிட்ட செய்தியும் அவர் தலைக்கு ஏறிவிட்டன. கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் ஒரே பஸ்ஸின் டாப்பில் மாத்திரைப் பெட்டியும் டிவிப் பெட்டியும் வந்து இறங்கின. ஊர் டிவியைப் பார்க்கக் கூடியது. முனிகிருஷ்ணனும் அம்சவேணியும் மட்டும் இன்னொரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பஸ் மாற வேண்டாம். கால் வீங்க வேண்டாம். மாத்திரை அவர்கள் தெருவுக்கே வந்து, அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஐப்பசி வரைக்கும் நீடித்தது. ஐப்பசியில் ஒரு மழை நாளில் தோதாத்ரி வந்தார். நனைந்த வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கறுப்புப் பையோடு, கடைக்குப் போகாமல் விசாரித்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். முனிகிருஷ்ணன் அப்போது மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், களியும் கீரைக் குழம்பும் தின்ற கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றான்.

"உக்காரும் ஓய், உக்காரும். சாப்பிடறவாளை எழுப்பற பாவம் வேறயா எனக்கு? ஏற்கெனவே எங்க அப்பா கேக்கறார், பெருமாள் கைங்கர்யத்தை விட்டுட்டு ஊரார் ஈரலை எண்ணிண்டு திரியறியேடான்னு." பையிலிருந்து ஒரு காகிதத்தை விரித்தார். ஒரு கோடு. நேராக வந்துகொண்டிருந்தது, ஜூலையில் செங்குத்தாக மேலே பாய்ந்திருந்தது. "தேசத்துல இந்த மருந்தை எழுதறது எப்படி ஏறறது பாரும். ஏறினது பூரா உம்ம கடையாலதான். திருப்பதி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். 'நான் ஒரு அம்மாவுக்குத்தானே எழுதினேன்'கறார். சொல்லும். எங்கே மத்தவாள்லாம்?"

முனிகிருஷ்ணன் களி ஒட்டிய கையைத் தட்டிலேயே கழுவினான்.

தோதாத்ரி குரலைத் தாழ்த்தினார். "இதைப் பார்த்துட்டு எனக்கு மெட்ராஸுக்கு ப்ரமோஷன் டைப் ஆயிண்டிருக்கு. எல்லையோர ஊர், மூணு ஸ்டேட் ஜனம் வந்துபோறதுன்னு ஒரு வரி நீர் சொன்னாப் போறும். நான் எழுதிண்டு போயிடறேன். உமக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

முனிகிருஷ்ணன் பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தான். வெளியே மழை நின்றிருந்தது. உள்ளே நிற்கவில்லை: ஆயிரக்கணக்கான புழுக்கள் இலையைக் கத்தரிக்கிற சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அம்சவேணி தட்டுக்குத் தட்டு இலை பரப்பிக்கொண்டிருந்தாள். கையை இலையில் வைத்தால் இலையிலேயே இருந்தது. சொறியப் போகவில்லை. கொஞ்ச நாளாகத்தான் அப்படி. உண்மையைச் சொன்னால் வட்டம் அழிந்துபோகும், ரெப்புகள் போவார்கள், பெட்டி திரும்பிப் போகும். அந்தக் கை மறுபடி முதுகுக்குப் போகும்.

"ஆமா சார்," என்றான். "வராங்க. ஓசூர்லேர்ந்து வராங்க, கோலார்லேர்ந்து... போன வாரம்கூட ஒரு வேனு நெறைய..."

"யோவ்."

அம்சவேணி இலைக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த வேனு? வேனும் இல்ல, லாரியும் இல்ல. நா ஒருத்திதான் சாமி. காலையிலியும் சாயங்காலமும் சீட்டக் காட்டுவேன், இவுரு ரெண்டுவாட்டியும் எழுதிட்டாரு. வேணும்னு செய்யல. எழுதறதுன்னா இவுருக்கு உசுரு."

"அம்சா, நீ சும்மா இரு. இத்தச் சொல்லிட்டா பொட்டியத் தூக்கிகினு போய்டுவாங்க, தெரிதா?"

"தெரிது. எனுக்குத் தெரியாதா?" அவள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒரு வருசம் நா சொறிஞ்சிகினு கெடந்தேன். சுண்ணாம்பு, சுண்ணாம்புன்னே எல்லாரும் சொன்னீங்க. எங்கியோ ஒருத்தி இப்பயும் அப்டி ஒக்காந்துகினு கீறா. அவ ஊருக்குப் போவவேண்டிய டப்பா இங்க வந்து தூங்குது, நா இருபத்தெட்டாயிரம் பேருன்னு. அத்த வெச்சிகினு எனுக்கு எப்டி எறங்கும் மாத்திர?"

கொட்டகையில் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. தோதாத்ரி காகிதத்தை மெதுவாக மடித்தார். பையிலிருந்து ஜூலை ஃபாரத்தை எடுத்து, பேனாவோடு முனிகிருஷ்ணனிடம் நீட்டினார். "பதிமூணு வரியை அடியும். ஒண்ணை வெச்சுக்கும். கையெழுத்துப் போடும்." பிறகு பெருமூச்சு விட்டு, "மெட்ராஸ்ல தண்ணிக் கஷ்டம்னு சொல்றா. பரவாயில்லை," என்றார்.

முனிகிருஷ்ணன் அடித்தான். தன் அழகான கையெழுத்தைத் தானே பதிமூன்று தடவை அடிப்பது என்ன மாதிரி வேலை என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

"இப்ப நா ஒருத்தியா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"இல்லம்மா. ஒரு வரின்னா ரெண்டாயிரம். அது எங்க கணக்கு."

"இன்னும் ரெண்டாயிரமா! கூட கீறவங்கள்லாம் யாரு?"

தோதாத்ரி பேனாவைப் பையில் போட்டார். "தெரியாது. கணக்குப்படி எங்கேயோ இருக்கணும். உன்னை மாதிரி." அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

முனிகிருஷ்ணன் பயந்தது பாதி நடந்தது. தேசத்தின் கோடு விழுந்தது. மேப்பில் வட்டம் அழிந்தது. டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சின்னப்பன் திருநீற்றை அழித்துவிட்டு மறுபடி தக்காளி நட்டான். கங்கையா விஷயம் கேள்விப்பட்டு, பஸ் ஸ்டாண்ட் எஸ்டிடி பூத்துக்கு ஓடி, திருப்பதிக்கு ஃபோன் போட்டுக் கத்தினார்.

"பெட்டியத் திருப்பி எடுத்துக்கோ பாபு! இங்க ஒரே ஒரு பேஷண்டுதான் உண்டு!"

"ஸ்கீம் சரக்கு ரிட்டர்ன் கெடியாது சார்," என்றது பவன்குமாரின் குரல். பிறகு கொஞ்சம் தயங்கி, "டிவி நல்லா தெரிதுங்களா?" என்று கேட்டது.

டிவி நன்றாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். கங்கையாவின் பெண்டாட்டி அதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாகக் கங்கையாவையே கொடுத்துவிடுவாள்.

அன்று கங்கையா கடையில் உட்கார்ந்து அட்டைகளை எண்ணினார். வந்தது நூற்றைம்பது அட்டை, அட்டைக்குப் பத்து. நாளைக்கு ரெண்டு என்றால் எழுநூற்றைம்பது நாள். பெட்டியின் பக்கவாட்டில் காலாவதித் தேதியைப் படித்தார். கிட்டத்தட்ட அதே தேதி. சுற்று வட்டாரத்தில் இந்தச் சரக்கை வாங்க ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. அந்த ஜீவன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டால்தான் பெட்டி காலியாகும்.

மறுநாள் காலை அம்சவேணி வந்தபோது கங்கையா எழுந்து நின்றார். அவள் அந்தக் கடைக்கு இருபது வருஷமாக வருகிறாள். அவர் எழுந்து நின்று பார்த்ததில்லை.

"ராம்மா, ரா. மழையில கொடை இல்லாம வரலாமா? முனிகிஷ்ணா, நம்ம கொடைய எடுத்துக் குடு. ஒடம்பு எப்டி கீது? பசி எடுக்குதா? ராத்திரி தூக்கம்?"

அம்சவேணி புருஷனைப் பார்த்தாள். முனிகிருஷ்ணன் விட்டத்தைப் பார்த்தான்.

தை மாதம் மறுபடி ஃபாரம் எழுதுகிற வாரம் வந்தது. பொங்கலுக்குப் பத்மினி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அம்மாவோடு கடைக்கு நடந்தாள். கூட்டைப் பலமனேர் மார்க்கெட்டில் போட்டாகிவிட்டது, நல்ல விலை. அம்சவேணியின் கண் வெளுத்திருந்தது. திருப்பதி டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

மடியிலிருந்து சீட்டை எடுத்தாள். அது இப்போது நாலாக அல்ல, எட்டாக மடிந்திருந்தது. முனிகிருஷ்ணன் அதை வாங்கி, கவனமாக, வாரத்துக்கே ஒரே ஒரு வரி எழுதி, பேனாவை மூடிவைத்தான்.

"இன்னிக்கு நா எத்தினி பேருய்யா?"

"ரெண்டாயிரம்."

கங்கையா மாத்திரையைத் தாமே கத்தரித்து, டம்ளரில் தண்ணீரோடு நீட்டினார். அவள் போட்டுக்கொண்டு குடித்தாள். "வாயத் தெற, பாக்கறேன். எறங்கிச்சா? எண்பத்தஞ்சி நாளு கொறஞ்சிருக்குது, இன்னும் அறநூத்து அறுவத்தஞ்சி நாளு கீது. எங்கியும் போய்டாதம்மா. அதுக்கப்பறம் அவன் ஃபிரிட்ஜு ஸ்கீம் கொண்டாருவான், பாக்கலாம்." கவுண்டருக்கு மேல் எம்பிப் பார்த்துக் கூவினார்: "சாயங்காலம் மறக்காம வரணும், ஆமா!"

அம்சவேணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"வரேன் கங்கையாண்ணா, வரேன். ரெண்டாயிரம் பேரையும் இஸ்துகினு வரேன்."